பக்கத்து வீட்டு பல்பு

போன மாத மழையில் நான் ஒரு பொய் சொன்னேன். உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தீவில், பாம்பூஃப்ளாட்டில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. கரண்ட் எடுக்கும் ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவர வேண்டிய கப்பல் மெயின்லேண்டிலேயே நின்றுவிட்டதால், ‘வீட்டுக்கு ஒரு பல்பு போதும்’ என்று கரண்ட் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். என் ஆபீஸில் எல்லோருக்கும் நானும் அதையே உபதேசம் செய்தேன். வீட்டில்? குளிக்க வெந்நீர் வேண்டுமே... அன்றும் வாளிக்குள் ஹீட்டரைப் போட்டேன்.

பக்கத்து வீடு சேவியருடையது. தூத்துக்குடிக்காரர், கடலுக்குப் போகிறவர். அன்று காலை அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. உள்ளங்கை இரண்டில் அடங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போக, படகில் எதிரே உள்ள சாத்தம் கரைக்குக் கடக்க வேண்டும். அடித்த காற்றில் படகு ஓடவில்லை.

டிஸ்பென்சரி சிஸ்டர் வந்தார். குழந்தையைப் பஞ்சில் சுற்றி, ஒரு மரப்பெட்டியில் கிடத்தி, மேலே நூறு வாட் பல்பைத் தொங்கவிட்டார்.

“சூடு குறையக் கூடாது. படகு ஓடுற வரைக்கும் இதுதான் ஆஸ்பத்திரி” என்றார்.

கொஞ்ச நேரத்தில் பல்பு மங்கியது. உள்ளே கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. சேவியர் மழையில் வீடு வீடாக ஓடினார். எதிர்வீட்டு வங்காளி அக்கா இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, மற்ற வீடுகளுக்குச் சொல்ல அவரே கிளம்பிவிட்டார்.

சேவியர் என் வாசலுக்கும் வந்தார்.

“சார், வோல்டேஜ் ரொம்ப டவுனா இருக்கு. பிள்ளை சில்லிட்டுப் போவுது. எதாச்சும் ஓடுச்சுன்னா ஜல்தி பந்த் பண்ணிருங்க சார்.”

“இங்க ஒரு லைட்டுகூட எரியலையே சேவியர்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம்தான். வேறென்ன?

அவர் அதை நம்பி அடுத்த வீட்டுக்கு ஓடினார். திரும்பினால், என் மனைவி நின்றிருந்தாள். உள்ளே போய் ஹீட்டர் ஒயரை உருவிவிட்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

பல்பு வெள்ளையாகிக்கொண்டிருந்தது. அதற்கடியில் கையை நீட்டிப் பார்த்த சிஸ்டர், “இப்பத்தான் சூடு ஏறுது” என்றார். ஸ்டெல்லா “மாதாவே!” என்று விம்மினாள். என்னை யாரும் பார்க்கவில்லை. அதுவே தாங்க முடியாமல் இருந்தது.

அன்று முழுக்கத் தெருவில் யாரும் சுவிட்சைத் தொடவில்லை. சாயங்காலம் எல்லா வீட்டிலும் மண்ணெண்ணெய் விளக்குதான். மறுநாள் மத்தியானம் காற்று தணிந்தது. முதல் படகிலேயே குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டெல்லா ஏறினாள். மூன்று வாரம் கழித்து, பால் குடித்துத் தேறிய பிள்ளையோடு திரும்பி வந்தாள்.

மீட்டர் தனித்தனிதான். ஆனால் ஒயர் ஒன்றுதானே? நான் கூடுதலாக இழுத்தது யாரிடமிருந்து என்று எந்த மீட்டர் காட்டும்?

போன வாரம் படகுத்துறை ஜெட்டியில் சேவியரைப் பிடித்துச் சொல்லிவிட்டேன்.

“அன்னிக்கு என் வீட்டுல ஹீட்டர் ஓடிச்சு சேவியர். பொய் சொல்லிட்டேன்.”

அவர் கையிலிருந்த படகுக் கயிற்றைக் கீழே போட்டார்.

“அப்பவே நிறுத்திட்டுச் சொல்லியிருந்தா, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன் சார்” என்றார். கொஞ்சம் நடந்தவர், திரும்பினார். “ஞாயித்துக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். வீட்ல அக்காவையும் கூட்டிட்டு வாங்க.”

போனோம். நான் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.