பாக்கியமேரி வண்டியில் இருக்கிறாள்

பாலக்கோட்டில் உரக்கடை வைத்திருந்த பெரியநாயகத்தின் மனைவி பாக்கியமேரி எத்தனையோ கல்யாணங்களுக்குப் போயிருக்கிறாள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்தது மட்டும் அபூர்வம். மண்டபத்து வாசலில் நிற்கும் க்ரீம் நிற ஃபியட் காரின் முன் இருக்கையில், கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருப்பாள். மேளச் சத்தம் வேகமெடுத்தால் உள்ளே தாலி கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்வாள். பந்தி முடிந்ததும் யாராவது ஒருத்தர் இலையில் மடித்துச் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பார்கள். "பாவம், காலு முடியலயாட்டம் இருக்குது" என்று நினைத்தவர்கள் உண்டு. அவள் காலுக்கு ஒன்றும் இல்லை. காரை யாரும் கீறிவிடாமல் பார்த்துக்கொள்ள உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் காரைப் பெரியநாயகம் 1981 சித்திரையில் ஓசூரில் ஒரு டாக்டரிடம் வாங்கினார். டாக்டர் பெங்களூருக்கே குடிபோகும்போது விற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் சாமியார் வெளியே வந்து புனித நீர் தெளித்து மந்திரித்தார். அந்தக் கோவில் பங்கு மக்களில் கார் வாங்கிய முதல் ஆள் பெரியநாயகம்தான்.

அவருக்கு ஏன் அந்தக் கார் அவ்வளவு பெரிதாகப் போயிற்று என்பதைப் பாக்கியமேரி அறிவாள். அவருடைய அப்பா கஸ்பார் ஊர்க் கவுண்டர் ஒருவரிடம் வருஷக் கூலிக்கு ஏர் ஓட்டியவர். ஒரு நாள் வரப்பில் சுருண்டு விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கவுண்டர் வீட்டு வாசலில் கார் நின்றது. பெரியநாயகம் போய்க் கேட்டபோது, "டயர் சரியில்ல" என்றார்கள். கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் பாலக்கோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். தருமபுரி பஸ் வருவதற்குள் கஸ்பார் போய்விட்டார். இதைப் பெரியநாயகம் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு சொன்னதில்லை.

கார் வந்த மறு வருஷம் அரூரில் ஒரு கல்யாணம். உரம் வாங்குகிற பெரிய விவசாயி ஒருவர் அழைத்திருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே போய் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெளியே வந்து பார்த்தால், முன் விளக்கில் தொடங்கிப் பின் கதவு வரைக்கும் ஆணியால் இழுத்த ஒரே கோடு. சுற்றிலும் பத்து வண்டி நின்றது. ஒன்றின் மேலும் கை படவில்லை.

பெரியநாயகம் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை நடந்தார்.

"யாரோ சின்னப் பசங்க வேலைங்க" என்றார் மண்டபத்து வாட்ச்மேன்.

"சின்னப் பசங்களுக்கு என் வண்டி மட்டும் எப்படிங்க தெரிஞ்சது?" என்று கேட்டுவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

சேலத்தில் கொண்டுபோய்ப் பெயிண்ட் அடித்தார்கள். நிழலில் ஒரே நிறமாகத்தான் இருந்தது. வெயிலில் நிறுத்தினால் இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மஞ்சள் தட்டியது. அதைப் பெரியநாயகம் தவிர யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டிக் கதவுகளின் விளிம்பில் ஒட்டினார்; வெயிலில் பசை இளகிக் கழன்று தொங்கியது. தையல்காரரிடம் கொடுத்துக் காக்கித் துணியில் முழு வண்டிக்கும் உறை தைத்தார். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்திவிட்டு வருவதற்குள் உறையையே எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். கூட வீல் கப் இரண்டும் போயின. கூட்டத்தை விட்டு அரை மைல் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தும் பார்த்தார். ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தியதால் பக்கக் கண்ணாடியைத் திருகிக்கொண்டு போனார்கள்.

ஒரு நாள் தருமபுரியில் ஜவுளிக்கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியவர், இறங்கப் போன மனைவியைப் பார்த்து, "மேரி, நீ உள்ளயே உக்காந்திரு. பத்து நிமிசத்துல வந்துடறேன்" என்றார். அவள் உட்கார்ந்தாள். அவளுக்கான புடவையை அவரே எடுத்துவந்தார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று தொடங்கியது. மகள்கள் இருவரையும் அதற்கு முன்பே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அவளுக்கு அவசர வேலை என்று ஒன்றும் இல்லை. மாதம் ஒரு தடவை உர வியாபாரிகளுக்குக் கலெக்டர் ஆபீஸில் கூட்டம் நடக்கும். அதற்கும் அவள் போனாள். வேப்ப மரத்தடியில் வண்டி நிற்கும். அங்கே கூடையில் வேகவைத்த கடலை விற்கிற தீர்த்தம்மாள் என்பவள், மூன்று மாதம் பார்த்துவிட்டு நாலாம் மாதம் கிட்டே வந்தாள்.

"ஏம்மா, மாசா மாசம் வர்றியே, மனு குடுக்கவா வர்றே? உள்ள போவாம இங்கயே குந்தியிருக்கியே?"

"மனு இல்ல. எங்க வூட்டுக்காரரு உள்ள போயிருக்காரு."

"நீ?"

"நான் வண்டியப் பாத்துக்கறேன்."

தீர்த்தம்மாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இத்த யாரு தூக்கிக்கினு போவப்போறா?" என்று சொல்லிவிட்டு ஒரு கை கடலையை மடியில் கொட்டினாள். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

1984இல் தவக்காலம் தொடங்கிய வாரம், அதே மரத்தடியில், பாக்கியமேரிக்கு அடிவயிறு கனத்து வலித்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தாள். கூட்டம் முடிகிற வழியாக இல்லை. "நீ போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள் தீர்த்தம்மாள். காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் பெண்கள் ஒதுங்குகிற இடம் இருந்தது. அவள் போய்த் திரும்பி வருவதற்குள் ஒரு ஜீப் பின்னால் வந்து இடித்து, பின் விளக்கு சில்லுச் சில்லாகக் கீழே கிடந்தது. தீர்த்தம்மாள் கூடையை விட்டுவிட்டு ஜீப்பின் பின்னால் கத்திக்கொண்டே ஓடியிருக்கிறாள். அவன் நிறுத்தவில்லை.

பெரியநாயகம் வந்து பார்த்தார். அவர் கை நீட்டுகிற மனிதர் அல்ல, திட்டவும் மாட்டார். குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து மனைவியோடு பேசவில்லை. கடையில் வருகிறவர்களிடம் சிரித்துப் பேசினார். மகள்கள் வந்தால் பேசினார். அவள் போட்டதைச் சாப்பிட்டார், அவள் மடித்துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். தவக்காலம் முழுவதும், ஒரு மாதத்துக்கு மேல், அப்படியே போயிற்று. ஈஸ்டர் அன்று காலையில், "கெளம்பு மேரி, பூசைக்கு நேரமாச்சு" என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டி நின்றதும், "நீங்க போங்க, நான் இருக்கேன்" என்று அவளே சொன்னாள். வெளியூர் போகிற நாளில் விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள். யாராவது பானெட்டில் சாய்ந்தால் கண்ணாடியைத் தட்டுவாள். மாட்டு வண்டி பக்கத்தில் வந்தால் தலையை வெளியே நீட்டித் தள்ளிப் போகச் சொல்வாள். அந்தப் பயம் அவளுடையதாகவே ஆகிவிட்டது.

1986 ஆவணியில் அவள் தங்கை ராயம்மாளுக்கு உடம்பு மோசமானது. அம்மா செத்தபோது ராயம்மாளுக்கு மூன்று வயது. தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி, பி.பள்ளிப்பட்டியில் கட்டிக்கொடுக்கிறவரை பாக்கியமேரிதான் பார்த்துக்கொண்டாள். இப்போது கால் வீங்கி, மூச்சு வாங்கி, தருமபுரி பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கடைக்குப் போன் வந்தது. இதயத்தில் கோளாறு என்றார்கள். பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு.

புதன்கிழமை போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வேன், மாட்டு வண்டி, சைக்கிள் என்று நெருக்கிக்கொண்டு நின்றன. சுவரோரம் வண்டியைச் செருகிவிட்டு, "நான் போயி எந்த வார்டுன்னு பாத்துட்டு வர்றேன். அப்புறம் நீ போ" என்றார் பெரியநாயகம். சாத்துக்குடிப் பையை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே ராயம்மாளின் புருஷன் மருந்துச் சீட்டோடு முழித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இவர் மருந்துக்கடைக்கு ஓடி, வாங்கிக் கொடுத்து, டாக்டரைப் பார்த்துவிட்டு வருவதற்குள் ஆறு மணி அடித்துவிட்டது.

"நல்லாத்தான் பேசறா. நாளைக்கு நீ மொதல்ல போ" என்றார்.

வியாழக்கிழமை சொன்னபடியே, வண்டி நின்றதும் "நீ போ" என்றார். அவள் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். அந்த நேரம் பார்த்து லாரி கவிழ்ந்து அடிபட்டவர்களை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். பின்னாலேயே ஊர் ஜனம் திரண்டு வந்தது. அழுதுகொண்டு ஓடிவந்தவர்கள் வண்டியில் மோதினார்கள். ஒருவர் பானெட்டின் மேலேயே ஏறி நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பாக்கியமேரி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்திருந்தது. தனியாக விட்டுவிட்டுப் போனால் இவர் இறங்கி அந்த ஆளோடு சண்டைக்குப் போவார் என்று அவளுக்குத் தோன்றியது.

"நீங்க போயி பாத்துட்டு வாங்க. கூட்டம் கொறையட்டும். நான் அப்புறம் போறேன்" என்றாள்.

இதை அவள்தான் சொன்னாள். பிற்பாடு எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும், சொன்னது தன் வாய்தான் என்பது மாறவில்லை.

கூட்டம் குறைந்து, அவர் திரும்பி வந்து, அவள் மாடி ஏறியபோது ஐந்தே முக்கால். வார்டில் கட்டில் காலியாக இருந்தது. எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போயிருப்பதாகப் பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். போர்வை கசங்கிக் கிடந்தது. தலையணையில் ஒரு ஹேர்பின் இருந்தது. நேற்றுக் கொண்டுவந்த சாத்துக்குடியில் ஒன்றை மட்டும் உரித்து, பாதி தின்று வைத்திருந்தாள். பாக்கியமேரி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு நர்ஸ் வந்து, "நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை கடைக்குச் சரக்கு லாரி வருகிற நாள். "சனிக்கிழமை போலாம்" என்றார் பெரியநாயகம். பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்குக் கால் மணிக்கு ஒரு பஸ் உண்டு. தனியாகப் போயிருக்கலாம் என்பது அன்றைக்கு அவளுக்கு உறைக்கவில்லை. பஸ்ஸில் போய் எவ்வளவோ வருஷமாயிற்று. வெள்ளிக்கிழமை விடிகாலையிலேயே ராயம்மாளின் உயிர் போயிருக்கிறது. பத்து மணிக்குத்தான் கடைக்குப் போன் வந்தது.

பி.பள்ளிப்பட்டியில் அடக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டின்போது பாக்கியமேரி கேட்டாள்.

"என்னங்க, ராயி என்னைக் கேட்டாளா?"

"கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"வண்டில இருக்கான்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

பெரியநாயகம் யோசித்தார். "ஒண்ணும் சொல்லல. ஜன்னலப் பாத்தா."

"அந்த ஜன்னல்ல வாசல் தெரியாதுங்க. அந்தப் பக்கம் தண்ணித் தொட்டிதான் இருக்குது."

அவள் சோற்றுப் பாத்திரத்தை மூடினாள்.

"இனிமே நான் கார்ல வரலைங்க."

"ஏன்?"

"வரல."

அதைப் பற்றி இருவரும் சண்டை போடவில்லை. அவர் தனியாகப் போய்வந்தார். கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய் ஜன்னல் வழியாக மரத்தடியைப் பார்ப்பாராம். அதிகாரிகள் சிரித்ததாக இன்னொரு கடைக்காரர் வந்து சொன்னார்.

அடுத்த வருஷம் தக்காளி வரத்து அதிகமாக இருந்த சமயத்தில், அவர் கடை வாசலிலேயே, சந்தைக்கு வந்த டிராக்டர் ட்ரெய்லர் ஒன்று திரும்பும்போது காரின் வலது பக்கக் கதவுகள் இரண்டையும் உள்ளே அமுக்கிவிட்டது. அன்று அவர் பொழுதோடு வீட்டுக்கு வந்துவிட்டார். முகம் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

"கதவு ரெண்டும் போச்சு" என்றார்.

"சொன்னாங்க."

சோற்றைப் பிசைந்தார். பிறகு, தலை நிமிராமல், "அன்னைக்கு மொத நாளே ஒன்ன அனுப்பிட்டு நான் வண்டில இருந்திருக்கணும்" என்றார்.

இந்த வார்த்தைக்காகத்தான் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறோம் என்று பாக்கியமேரி நினைத்திருந்தாள். கேட்டபோது உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஆறுதலும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

"மோரு ஊத்தட்டுங்களா?" என்று கேட்டாள்.

"ஊத்து."

கதவுகளைச் சேலத்தில் பழைய சாமான் கடையில் பிடித்து மாட்டினார். அவள் போய்ப் பார்க்கவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அவர் காலையிலேயே காரைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தார். "பள்ளிப்பட்டில எறக்கி உட்டுட்டு நான் வண்டிலயே இருக்கறேன். நீ எவ்வளவு நேரம் வேணா இருந்துட்டு வா" என்றார்.

"வேண்டாங்க. நீங்க கடையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மெழுகுவத்தியும் செவ்வந்தியும் இருந்த பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். தருமபுரியில் இறங்கிப் பொம்மிடி பஸ் பிடித்துப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. தங்கையின் குழிமேட்டில் புல் மண்டியிருந்தது. பிடுங்கிப் போட்டாள். பூ வைத்து, மெழுகுவத்தி கொளுத்தி, முழங்காலில் நின்றாள். வழியெல்லாம் சொல்வதற்கென்று என்னென்னவோ யோசித்து வந்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. அருள் நிறைந்த மரியே செபம் சொல்லத் தொடங்கி, எத்தனையாவது என்று தெரியாமல் நிறுத்திவிட்டாள். பக்கத்துக் குழிகளில் குடும்பம் குடும்பமாக வந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணி பஸ்ஸை விட்டால் இருட்டிவிடும் என்று யாரோ சொன்னார்கள். எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. தருமபுரி வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாள்.