விழுங்கப்பட்ட விமானமும் மடியிலிருந்த தட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை திம்புள்ளப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். சும்மா சொல்லக்கூடாது... வடைக்காகத்தான் போனேன். போன இடத்தில் ஒரு விமானக் கம்பெனியின் வரலாற்றையே ஒப்பிக்க வைத்துவிட்டார்கள்!

மாப்பிள்ளை சதீஷின் அம்மா எனக்கு அக்கா முறை. ராகலையில் வீடு. பையன் வளைகுடாவில், விமானத்தில் பெட்டி ஏற்றும் பிரிவில் சூப்பர்வைசர். லீவு கிடைக்கவில்லை. அதனால் வாழைப்பழச் சீப்பில் சாய்த்து வைத்த போனுக்குள், டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பெண் துர்கா, ஹட்டனில் ஒரு ஃபார்மசியில் வேலை செய்கிறாள். இருவருக்கும் பிடித்துப்போய், கலியாண நாளும் குறித்துப் பேசி முடித்த சம்பந்தம். தட்டு மாற்றவேண்டியதுதான் பாக்கி.

அக்கா தட்டை நீட்டினார். பெண்ணின் அப்பா மருதமுத்து அண்ணன் தன் தட்டை நீட்டவில்லை. மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"மாப்புள வேல செய்யிற கம்பெனிய வேற கம்பெனி முழுங்கிருச்சாமே?"

"முழுங்கலைங்க மாமா... ரெண்டும் சேந்துருச்சு" என்றான் சதீஷ், போனிலிருந்து.

"எங்ககிட்டயும் சேக்குறோம்னுதான் சொன்னாங்க!"

பழைய காயம் அது. அவர் கணக்கப்பிள்ளையாக இருந்த கீழ்த் தேயிலைத் தோட்டத்தை, மேல்தோட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். கீழே இருந்த ஃபேக்டரியை மூடினார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடுவதும் மேலேதான் என்றாயிற்று. எல்லோரும் மலை ஏறிப்போய் வேலை வாங்கவேண்டும். கோயில் தேர்கூட கீழ் லயத்து வீடுகளுக்குக் கடைசியாகத்தான் வருகிறது. விழுங்கப்பட்ட கம்பெனி ஆளுக்கு மகளைக் கொடுத்து, அவளும் இதே பாடு படவேண்டுமா என்பதுதான் அவருடைய பயம்.

"தம்பி பேப்பர்ல எழுதுறவரு. அந்தக் கம்பெனி கதைய அவரு சொல்லட்டும்" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

எனக்கு என்ன தெரியும்? பஸ்ஸில் வரும்போது போனில் அரைப்பக்கம் படித்தது. அதை வைத்து ஆரம்பித்தேன்.

"அண்ணே, அது லேசுப்பட்ட கம்பெனி இல்லீங்க. ஒரே ஒரு குட்டி பிளேன வச்சுத் தபால் மூட்டை ஏத்தத்தான் தொடங்குனாங்க. பெறகு ஆளுங்கள ஏத்துனாங்க. பெறகு கடல் தாண்டிப் போனாங்க. போற வழியில ரெண்டு சின்னக் கம்பெனிய அவங்களே முழுங்கியிருக்காங்க."

"அட... அப்ப அதுவும் முழுங்குற கம்பெனிதான்!" மனிதர் முகத்தில் ஒரு வெளிச்சம். தட்டு மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியது.

நான் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேனா? "பெறகு எண்ணெ வெல ஏறி, நட்டத்துல விழுந்து... அதவிட பெருசு ஒண்ணு வந்து..." என்றேன். தட்டு மறுபடி மடியில்.

"பழைய ஆபீஸ் இருக்கா?"

"மூடிட்டாங்க."

"பாத்தீங்களா! பெரட்டு எங்க?"

"புதுக் கம்பெனி டெர்மினல்லதாங்க மாமா" என்றான் சதீஷ்.

"ஏறிப் போகணுமா?"

"லிஃப்ட் இருக்குங்க."

"பழைய கம்பெனி பிளேனெல்லாம் கடைசியாத்தானே எறங்க விடுவாங்க?"

என்னத்தைச் சொல்ல? ஆகாயத்தில் தேர்த்திருவிழா நடத்துகிறார் மனிதர்! அடுப்படியில் வடை ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி. பிளேன்ல யாரு பேரு எழுதியிருக்கு?"

சதீஷின் குரல் இறங்கிவிட்டது. "பெரிய கம்பெனி பேருதாங்க. ஆனா வாலுல எங்க பழைய பறவ அப்படியே இருக்கு. அத அழிக்கக் கூடாதுன்னு பேசித்தான் சேந்தாங்க."

அண்ணனின் தட்டு மடியிலேயே இருந்தது.

அப்போதுதான் துர்கா தேத்தண்ணியோடு வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் போல. டிரேயைக் கீழே வைத்தாள்.

"அப்பா, கலியாணம் முடிஞ்சா நான் ராகலைக்குப் போகணும். என் பேருக்கு முன்னாடி இருக்கிற உங்க இனிஷல எடுத்துட்டு அவரு இனிஷலப் போடுவாங்க. முழுங்கப்படப் போறது நானு. அத ஏன் யாரும் கேக்கல?"

போன் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கம்பெனிக்காச்சும் வாலுல பறவைய விட்டு வச்சாங்க. எனக்கு என்னா விட்டு வைப்பீங்க?"

வாழைப்பழச் சீப்பிலிருந்துதான் பதில் வந்தது. "இனிஷல மாத்த வேணாம் துர்கா. அப்படியே இருக்கட்டும்."

மருதமுத்து அண்ணன் மகளையே பார்த்தார். "அப்ப... என் எழுத்து இருக்குமா?"

"இருக்கும்ப்பா."

தட்டு மடியை விட்டு வந்தது. அக்கா வாங்கிக்கொண்டார். ஆறின வடைதான்... ஆனாலும் நாலு சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் ராகம் போட்டுச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் என்று மெச்சினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "கலியாணத்துக்கு முந்தி என் இனிஷல் என்னா?"

விமானக் கம்பெனியின் வரலாறு வேண்டுமானால் கேளுங்கள்... ஒப்பிக்கிறேன்.