வெர்னா மேல் விழுந்த பழி

என் நாத்தனார் டார்லீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துச் செனிகா ஏரியின் மேற்குச் சரிவில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் திராட்சைத் தோட்டத்தை அவள்தான் பார்க்கிறாள். அவள் தம்பி கர்ட், அதாவது என் கணவர், ஒயின் செய்கிறார். வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்து ருசி காட்டுவது என் வேலை. மூவருக்கும் சம பங்கு என்றுதான் பேர். கொடிகள் விஷயத்தில் மட்டும் டார்லீன் வைத்ததுதான் சட்டம்.

மாமனார் காலத்தில் களைக்கொல்லி அடித்து அடித்து, கொடிகளுக்கு அடியில் மண் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. அவர் போன மறு வசந்தத்தில் டார்லீன் அந்த டப்பாக்களையெல்லாம் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு வந்தாள். "புல்லை வளத்து என்ன பண்ணப் போறே? ஒயினுக்குப் பதிலா பால் கறக்கப் போறியா?" என்று சரிவில் எல்லோரும் கேலி செய்தார்கள். அவள் வருஷக்கணக்காகக் களைக்கொத்தோடு வரிசை வரிசையாக நடந்தாள். முட்டி தேய்ந்தது. கட்டிய கணவன் குளிரும் தனிமையும் பொறுக்காமல் புளோரிடா பக்கம் போய்விட்டான். மண் மட்டும் அவளுக்கு வசப்பட்டது. கையில் எடுத்தால் கேக் மாதிரி உதிரும், மண்புழு நெளியும். எங்கள் ரீஸ்லிங் வெள்ளை ஒயினைக் குடித்துவிட்டு நியூயார்க் நகரத்துக்காரர்கள் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்தால், அவள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாள்.

பெருமை இருக்க வேண்டியதுதான். அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. சாலையோரம் பெரிய பலகை வைத்தாள்: "இந்த மண்ணில் விஷம் கிடையாது."

புல்லை மேய்ந்தவை பக்கத்துப் பண்ணை எஸ்ரா நோல்ட்டின் செம்மறி ஆடுகள். நோல்ட் குடும்பம் பழைய முறையிலேயே வாழும் மென்னோனைட் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது. குதிரை வண்டிதான், கார் கிடையாது. இரண்டு வருஷமாக அவர் ஆட்டுக்கு மேய்ச்சல், எங்களுக்குப் புல் வெட்டும் செலவு மிச்சம். எழுதிக்கொண்டது ஒன்றுமில்லை, வாய் வார்த்தைதான்.

ஆனால் எங்கள் பக்கத்து ஈரத்துக்கு இலையைக் கருக்கும் அடிச்சாம்பல் நோய் வராத வருஷமே இல்லை. எல்லா மருந்தையும் விட்டவளால் மயில்துத்தத்தை, அந்த நீலத் தாமிர உப்பை மட்டும் விட முடியவில்லை. இயற்கை விவசாய விதியிலும் அதற்கு இடம் உண்டு. செம்மறிக்கோ தாமிரம் ஆகாது. மாட்டுக்கு ஒத்துக்கொள்ளும் அளவு ஆட்டைக் கொன்றுவிடும். சத்தமில்லாமல் ஈரலில் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் மொத்தமாக ரத்தத்தில் இறங்கும். இது டார்லீனுக்கு நன்றாகத் தெரியும். மருந்து அடிக்கும் முன் எஸ்ராவுக்குப் போன் செய்து ஆடுகளை ஓட்டிப்போகச் சொல்வாள். பல வாரம் கழித்து, மழை கழுவி, புதுப்புல் முளைத்த பிறகுதான் திரும்பக் கூப்பிடுவாள். ஏன் என்று அவர் கேட்டதில்லை. இவளும் சொன்னதில்லை. அந்தப் பலகையை வைத்துவிட்டு, 'மருந்து' என்ற வார்த்தையை அவரிடம் சொல்ல இவளுக்கு நா எழவில்லை.

போன ஜூன் மாதம் மழை விடவே இல்லை. மயில்துத்தம் அடித்த அதே வாரம் ஒரு பத்திரிகையிலிருந்து போன் வந்தது. மண்ணைக் கெடுக்காமல் ஒயின் செய்யும் குடும்பங்களைப் பற்றி எழுதப்போகிறார்களாம். கொடிகளுக்கு நடுவே ஆடுகள் நிற்கிற மாதிரி படம் வேண்டுமாம்.

டார்லீன் எஸ்ராவுக்குப் போன் செய்தாள். கர்ட் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"அக்கா, இலை இன்னும் நீலமா இருக்கு."

"ரெண்டு நாளா கொட்டித் தீத்திருக்கு. எல்லாம் போயிருக்கும்."

"போனது எங்கே போச்சு? கீழ புல்லுலதானே?"

"ஒரே நாள்டா. படம் எடுத்ததும் ஓட்டிட்டுப் போயிடுவாரு. சும்மா அபசகுனமாப் பேசாதே."

படம் எடுத்தார்கள். அன்று மழைகூட ஒதுங்கி நின்று வழிவிட்டது. ஆனால் எஸ்ராவுக்கு வைக்கோல் வேலை. ஆடுகளை அழைத்துப்போக உடனே வரவில்லை. டார்லீனும் அவசரப்படுத்தவில்லை. அவசரம் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே. வாரம் முடியும்வரை ஆடுகள் அங்கேயே மேய்ந்தன.

வீடு திரும்பிய சில நாளில் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. கண் மஞ்சள், மூத்திரம் காப்பி நிறம். கால்நடை டாக்டர் செத்த ஆட்டை அறுத்துப் பார்த்து, "தாமிரம்" என்றார். அந்த மந்தையில் ஒன்பது தாய் ஆடுகள் போயின.

கேள்விப்பட்டதும் டார்லீன் நோல்ட் வீட்டுக்குப் போனாள். சொல்லிவிடத்தான் போனாள், அதை நான் நம்புகிறேன். எஸ்ரா அவளுக்கு வாய் திறக்க இடமே கொடுக்கவில்லை.

"எங்கெல்லாம் மேஞ்சுதுன்னு டாக்டர் கேட்டாரு. உங்க தோட்டத்துலன்னேன். 'அங்க ஏதாவது அடிக்கிறாங்களா'ன்னாரு. 'என்ன டாக்டர், அந்தம்மா ரோட்டுல பலகையே வெச்சிருக்கு, உங்க கண்ணுல படலையா'ன்னு நானே சிரிச்சேன். அப்புறம் கொட்டில்ல பாத்தா, மாட்டுத் தாது உப்பு மூட்டை பிரிஞ்சு கெடக்கு, தாமிரம் கலந்தது. எல்லாம் இவ வேலை."

அவர் மனைவி வெர்னா அடுப்பருகே நின்றிருந்தாள். "ஆட்டு உப்பு தீந்துபோச்சு. ஒரே ஒரு தடவைதான் போட்டேன்" என்றாள், தரையைப் பார்த்தபடி.

"ஒரு தடவை போட்டா போதாதா?" என்றார் எஸ்ரா.

பிறகு வெர்னா காப்பி ஊற்றினாள். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டி டார்லீன் முன்னால் வைத்தாள். டார்லீன் அதை முழுக்கத் தின்றாள். "மிச்சம் வெச்சா ஏன்னு கேப்பாங்களோன்னு தின்னேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். இதைச் சொன்னபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கர்ட் தினமும் கேட்டார்: "சொன்னியா?"

"சொல்றேன்."

"எப்போ?"

"சொல்றேன்னு சொல்றேன்ல!"

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ருசி பார்க்க வந்த ஒரு தம்பதி, "ஆடுகள் எங்கே?" என்று கேட்டார்கள். "மேய்ச்சலை மாத்தியிருக்கோம்" என்றாள். காது மடல் ரத்தமாகச் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் ஒயின் ருசி காட்டும் கூடத்துப் பக்கமே வரவில்லை. கொடிகளின் கடைசி வரிசைகளில் போய் ஒளிந்துகொண்டாள்.

காய்கறி ஏலத்தில் நடந்ததுதான் அவளை உலுக்கியது. ஸ்ட்ராபெரி வாங்கப் போயிருந்தாள். தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்த ஆண்களிடம் எஸ்ரா சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"என் பொண்டாட்டிக்கு மாட்டுக்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் தெரியலைப்பா!"

"அதனாலதான் உன்னைக் கட்டிக்கிட்டா போல!" என்றான் ஒருவன்.

கொல்லென்று சிரிப்பு. வண்டி மேல் உட்கார்ந்திருந்த வெர்னா குல்லாயின் நாடாவைக் கழுத்தடியில் இறுக்கிக் கட்டினாள். அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். டார்லீன் பத்தடி தள்ளி நின்றாள். சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. அவள் திரும்பி நடந்து, தன் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை நோல்ட் வீட்டுக்குப் போனாள். வெர்னா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"வெர்னா, உன் உப்பு இல்லை. என் தோட்டத்துல மயில்துத்தம் அடிச்சிருந்தேன். ஆட்டுக்கு ஆகாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் வரச் சொன்னேன்."

வெர்னா கையிலிருந்த ஈரச் சட்டையைக் கூடையில் போட்டாள்.

"போட்டோவுக்கா?"

"ஆமா."

"அன்னிக்கு என் மேஜையில உக்காந்து பையைத் தின்னியே."

"தின்னேன்" என்றாள் டார்லீன்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? அவர் கொட்டில்ல இருக்காரு. வா. நான் நிக்கறப்போ அவருகிட்ட சொல்லு."

எஸ்ரா முழுக்கக் கேட்டார். கோபப்படுவார் என்று டார்லீன் எதிர்பார்த்தாள்; கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"ஏலத்துல எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேனே, வெர்னா."

"சொன்னீங்க" என்றாள் வெர்னா. "சர்ச் முற்றத்துலயும் சொன்னீங்க."

ஏலத்தில் மறுபடி சொல்லியாக வேண்டும் என்றாள் வெர்னா. எஸ்ரா, டார்லீன் இருவருமே வர வேண்டும் என்றாள். அன்று நானும் கூடப் போனேன். டார்லீனைத் தனியாகப் போகவிட எனக்கு மனசு வரவில்லை. எஸ்ரா அதே ஆண்கள் நடுவில் நின்று, "அந்த ஆட்டு விஷயம்..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். டார்லீன் முன்னால் வந்து, வெர்னா மேல் தப்பில்லை, தப்பு தன்னுடையது, என்ன அடித்தாள், ஏன் மறைத்தாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குக் கேலி செய்தவன் வெங்காயப் பெட்டியை இல்லாத தூசிக்குத் துடைத்தான். ஒரு கிழவர் மட்டும், "அப்போ அந்தப் பலகை?" என்று கேட்டார். அன்று மாலையே அதைப் பிடுங்கினோம்.

ஒன்பது ஆடுகளுக்கும் ஈடு செய்தாள். எஸ்ரா வாங்கிக்கொண்டார். ஆனால் ஆடுகளை இந்தப் பக்கம் அனுப்பவில்லை. இப்போது கர்ட் இயந்திரம் வைத்துப் புல் வெட்டுகிறார்.

செப்டம்பரில் பத்திரிகை வந்தது. முகப்பிலேயே படம்: பச்சைக் கொடிகள், வெள்ளை ஆடுகள், நடுவில் சிரித்துக்கொண்டு டார்லீன். செத்தவை எவையெவை என்று அவளுக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு இதுவரை வராத கூட்டம் வந்தது. எல்லோருக்கும் அதே கேள்விதான்: ஆடுகள் எங்கே? இனிமேல் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். "வேண்டாம், நான்தான் சொல்லணும்" என்றாள். கூடத்துக்கு வந்து நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். மயில்துத்தம் இல்லாமல் இந்த ஈரத்தில் எங்களால் திராட்சை எடுக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னாள். சிலர் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் முடிந்து கதவைப் பூட்டும்போது, "இது பழகிடும்னு நெனச்சேன். பழகலை" என்றாள்.

அக்டோபரில் கான்கார்ட் பழுத்தது. அந்தக் கறுப்புத் திராட்சையில் பை சுட, வருஷா வருஷம் வெர்னா ஒரு கூடை வாங்கிப் போவாள். இந்த வருஷம் வரமாட்டாள் என்றே இருந்தோம். வந்தாள். குதிரையைக் கட்டிவிட்டு, பெட்டிகளைப் பார்த்து, ஒரு குலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதுல அடிச்சிருக்கா?" இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஜூலையில ஒரு தடவை" என்றாள் டார்லீன். "நல்லா அலசிடு."

வெர்னா குலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கூடையை நிரப்ப ஆரம்பித்தாள். டார்லீன் உதவிக்குக் கை நீட்டினாள். "நான் பாத்துக்கறேன்" என்றாள் வெர்னா. டார்லீன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூடை நிறையும்வரை பக்கத்திலேயே நின்றாள்.