ஆறாம் ரீலின் எழுபத்திரண்டு அடி

என் அக்காள் கணவர் முப்பத்தொரு ஆண்டுகள் ஒரே தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தார். படச்சுருளை விரலிடுக்கில் ஓடவிட்டே துண்டுகளைச் சேர்த்த ஒட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். தினமும் காலையில் ஒவ்வொரு ரீலையும் அளந்து பதிவேட்டில் எழுதுவது என் வேலை.

அந்த உளவாளிப் படம் வேறெங்கும் நான்கு நாள் தாண்டவில்லை. பாட்டு இல்லை, பகட்டு இல்லை. மழையில் நனைந்த ஒருவன் யாரை நம்புவது என்று தெரியாமல் அலைகிறான். அவனைக் காட்டிக்கொடுப்பவர் சொந்த மேலதிகாரி என்று தெரியவரும் காட்சியைத் தணிக்கையில் வெட்டச் சொல்லியிருந்தார்கள். வெட்டிய எழுபத்திரண்டு அடியை அத்தான் ஆறாம் ரீலில் மறுபடி ஒட்டிவிட்டார்.

"யாரு போட்டுக் கொடுத்தான்னே தெரியாம ஜனங்க எந்திரிச்சுப் போறாங்க மச்சான். எனக்குத்தான் வெக்கமா இருக்கு."

வியாழக்கிழமை மதியக் காட்சியில், 2.40 மணிக்கு, தணிக்கை ஆய்வாளர் சொல்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். படியேறி ஓடிச் சொன்னேன். ஐந்தாம் ரீல் முடிய ஏழு நிமிடம் இருந்தது. பிடிபட்டால் அத்தானின் லைசென்ஸ் போய்விடும்.

"நீ மெஷினைப் பாரு. அந்த மூச்சு வாங்குறதை வெளியில வெச்சுட்டு வா."

ஆறாம் ரீலை விரலிடுக்கில் ஓடவிட்டு முதல் ஒட்டைப் பிடித்து வெட்டினார். இரண்டாவது ஒட்டு அகப்படவில்லை. மூன்று நிமிடம். இரண்டரை. அகப்பட்டதும் வெட்டி, பசை தடவி, அழுத்திப் பிடித்தார். ரீலை இரண்டாவது மெஷினில் ஏற்றிய பதினோராவது நொடியில் ஐந்தாம் ரீல் முடிந்தது. திரை துள்ளக்கூட இல்லை.

படம் முடிந்ததும் ஆய்வாளர் மேலே வந்து பதிவேட்டைத் திறந்தார். ஆறாம் ரீல், காலை அளவு: 968 அடி. பழக்க தோஷத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதியிருந்தேன்.

"இப்ப அளங்க."

896.

"காலையில தப்பா எழுதிட்டேன் சார்" என்றேன்.

அவர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் தப்பு வந்துச்சா?"

அத்தான் சட்டைக்குள் கைவிட்டுத் துண்டுச் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தார். "அவனுக்கு எழுதத்தான் தெரியும் சார், பொய் சொல்ல வராது. ஒட்டினது நான்."

லைசென்ஸை ஏழு மாதம் முடக்கினார்கள். அன்று மாலைக் காட்சியை வேறோர் ஆபரேட்டர் ஓட்டினார். அத்தான் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உளவாளி சுடப்பட்டு விழுந்ததும், பக்கத்து இருக்கைக்காரர் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்:

"போட்டுக் கொடுத்தது அவனோட ஆபீசர்தாங்க."