சாக்குக்குப் பயந்தவள்

நாய் வளர்க்கிற வீடு இல்லை எங்களுடையது. இரத்தோட்டைக் கடைத்தெருவில், முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு சட்டை, கவுன், பள்ளிக்கூட உடுப்பு என்று தைத்துக் கொடுக்கிறவள் நான். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். பல்லி விழுந்தாலே பதறுகிற என்னிடம் ஒரு நாயைக் கொண்டுவந்து விடலாம் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது. மாத்தளையில் தெரு நாய்களைக் காப்பாற்றித் திரிகிற சிங்களப் பெண் அவள், என்னிடம் உடுப்புத் தைக்க வருகிறவள். நல்ல வீடு கிடைக்கும் வரைக்கும் வைத்திருந்தால் போதும் என்று சிங்களத்தில் கெஞ்சினாள். நான் வாயைத் திறப்பதற்குள் கூண்டைத் திறந்துவிட்டாள்.

உள்ளே இருந்தது ஒரு மண்ணிறப் பெட்டை. வயிறு தரையில் உரச, சுவரோடு சுவராக ஊர்ந்து போய் மெஷினுக்கு அடியில் நுழைந்துகொண்டது. மெஷினை மூடுகிற நீல ரெக்சின் உறையை, நான் வேலை செய்யும்போது பின்பக்கம் மடித்துத் தொங்கவிட்டிருப்பேன். அதற்குப் பின்னால் ஒடுங்கியவள் இரண்டு கண்ணை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு நடுங்கினாள். உரச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, ஏலத் தோட்டத்துத் தண்ணீர்க் கானுக்குள் எறிந்திருந்தார்களாம். எறிந்தவன் கையில் புழுப் பிடிக்கட்டும் என்று அன்றைக்குச் சபித்தேன். அந்தச் சாபத்தை இன்னும் திரும்பப் பெறவில்லை.

சாக்கைக் கண்டால் அவளுக்கு உயிரே போய்விடும். எங்கள் பக்கத்துக் கட்டடமோ மிளகு, கராம்பு, ஏலம் வாங்குகிற முஸ்லிம் நானாவின் கடை. விடிந்தால் பொழுதுபடும் வரை லொறியில் சாக்கு ஏறும், இறங்கும். சாக்கு தொப்பென்று விழுகிற ஒவ்வொரு தடவையும் உறைக்குப் பின்னால் நகம் தரையைப் பிராண்டும் சத்தம் கேட்கும். நானா நல்ல மனுஷன். நாயைத் தொடமாட்டார், ஆனாலும் அவளுக்காக ஏற்றி இறக்குவதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளக் கடை ஆட்களிடம் சொன்னார். கடையையே தள்ளி வைக்கவா முடியும்? இந்த வீட்டில் அவளுக்கு ஒருநாளும் நிம்மதி இல்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது.

பெயர் வைக்கவில்லை. வைத்தால் கொடுக்க மனம் வராது என்று அந்தச் சிங்களப் பெண் எச்சரித்திருந்தாள். நேரே பார்க்காமல், பேசாமல், சோற்றை வைத்துவிட்டு நான் என் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பெடலை மிதித்துக்கொண்டிருந்தபோது காலில் ஏதோ சூடாகப் பட்டது. அவளுடைய தாடை. பாதத்தை அசைத்தால் எங்கே பயந்துவிடுவாளோ என்று நான் பெடலை விட்டுவிட்டேன். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய சட்டை ஒற்றைக் கையோடு கிடந்தது. வாங்க வந்தவள் ஏசிவிட்டுப் போனாள். ஏசட்டும் என்று இருந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

"ஒரு வீட்டுக்கு ஒரு பயந்தாங்கொள்ளி போதாதா?" என்று கணவர் சிரித்தார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. காஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று படுத்த பிறகும் எழும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான்.

வளர்க்க நாய் கேட்டு அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: குரைக்குமா? அவள் குரைத்ததே இல்லை. இல்லை என்று சொன்னதும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கடைசியில் வேண்டும் என்று சொன்னவள், மேலே மலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் இருந்துகொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒரு பெண். கோயில் திருவிழாவுக்குச் சட்டை தைக்க, ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தவள், மெஷினுக்கு அடியில் வால் நுனியைக் கண்டாள். தன்னுடைய நாயைப் போன மாரியில் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னாள். நான் கத்தரியைக் கீழே வைத்தேன்.

"புலி வர்ற லயத்துக்கு இவள அனுப்பவா? ஒங்களுக்குப் பைத்தியமா தங்கச்சி?"

"குரைச்சதாலதான்க்கா அது போச்சு" என்றாள். "பொழுது சாஞ்சா உள்ளுக்கு வராது. வாசல்ல நின்னு காட்டப் பாத்துக் குரைக்கும். இது ஒளியத் தெரிஞ்ச புள்ள. இதுதான் பொழைக்கும்."

நாயின் பயத்தை யாராவது கெட்டித்தனம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இருந்தாலும் நான் உடனே தலையாட்டவில்லை. அந்தப் பெண் விடாமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தாள். தரையில் உட்கார்ந்து, மெஷினைப் பார்த்துத் தன் வீட்டுக் கதையெல்லாம் சொல்வாள். பிஸ்கட்டை முதலில் தரையிலிருந்து, பிறகு அவள் கையிலிருந்தே நாய் எடுத்துத் தின்றது. அதைப் பார்த்த பிறகு கூட்டிப் போகச் சொல்லிவிட்டேன்.

கூட்டிப் போகிற அன்று கைப்பைக்குள்ளிருந்து அவள் ஒரு சாக்கை உருவினாள். அவ்வளவுதான், நாய் வீறிட்டு இருந்த இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டது. நான் கத்தின கத்தலில் நானாவின் கடை ஆட்களே எட்டிப் பார்த்தார்கள்.

"கண்ண மறைச்சிக் கொண்டுபோனாத்தான்க்கா திரும்பி ஓடி வராது. எங்க பக்கம் அப்படித்தான்" என்று அவள் அழாத குறையாகச் சொன்னாள். கணவரும் அது வழக்கம்தானே என்று முணுமுணுத்தார். நான் கேட்கவில்லை. சாக்கை வெளியே எறிந்தேன். அவள் வீட்டில் ஒரு சாக்குக்கூட இருக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, ஆட்டோவில் நாயை மடியில் வைத்துக்கொண்டு நானே போனேன். ஒவ்வொரு வளைவையும் மடியிலிருந்தவள் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். லயத்தில் அந்தப் பெண் அரிசிச் சாக்கைக்கூடக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, வெறுஞ்சாக்கைப் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் கொடுத்தாள். நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

"அக்கா, ஓடிருச்சுக்கா! ராத்திரி எல்லாம் என் காலடியிலதான் படுத்திருந்துச்சு. வேலைக்குக் கெளம்பிட்டு, தலையத் தடவலாம்னு குனிஞ்சேன். பிச்சிக்கிட்டு ஓடிருச்சு!"

அதன் பிறகு வந்த நாட்களெல்லாம் பயம்தான். சிறுத்தை ஒரு பக்கம். காட்டுப் பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கு ஒரு பக்கம். வளைவில் ஹோர்ன் அடித்தபடி பாய்ந்து வருகிற பஸ் இன்னொரு பக்கம். தேயிலைக்குள் இறங்கித் தேடினோம். கூப்பிடவும் முடியாது, கூப்பிட்டால் ஓடுகிறவள் அவள். பெயரும் வைக்கவில்லையே, எதைச் சொல்லிக் கூப்பிட? காகம் கூடிக் கத்தினால் அங்கே போய்ப் பார்க்கச் சொல்வேன். கணவர் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இல்லை என்று தலையாட்டும் வரை நான் அந்தப் பக்கம் திரும்பமாட்டேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று வஹகோட்டை அந்தோனியாருக்கு நான் மெழுகுதிரி நேர்ந்தேன். அந்தப் பெண் மாரியம்மனுக்கு நேர்ந்தாள். யார் முந்தினாலும் எனக்குச் சம்மதம்தான்.

கண்ணை மறைத்திருக்க வேண்டும் என்று எல்லாரும் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவள் திரும்பி வர முயன்றால் அந்த மலைப்பாதை முழுவதும் தனியாக வர வேண்டும், அந்த வழியைக் காட்டிக் கொடுத்ததும் நான்தான் என்பது அவர்கள் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில், மத்தியான மழைக்குள் நானா ஜன்னலைத் தட்டினார்.

"தங்கச்சி, ஒங்கட புள்ள வந்து நிக்கிது. பயப்படுத்த வாணாம். நான் சாக்கு ஏத்துறத நிப்பாட்டிட்டேன்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். எலும்பும் தோலுமாக, காலெல்லாம் அட்டை கடித்த ரத்தத்தோடு, லொறியில் அடுக்கியிருந்த சாக்குகளைப் பார்த்து நடுங்கிக்கொண்டு. கடை ஆட்கள் அசையாமல் நின்றார்கள். அவள் ஒரே ஓட்டமாகக் கடந்து என் காலைத் தாண்டி மெஷினுக்கு அடியில் விழுந்தாள். நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

போன் போட்டதும் அந்தப் பெண் மலையிலிருந்து இறங்கி, நின்ற கோலத்தில் அப்படியே பஸ் ஏறி வந்தாள். வாசலில் அவள் நிழல் விழுந்ததும் மெஷினுக்கு அடியிலிருந்து அதே வீறல். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடித்திருப்பாளோ என்றுகூட நினைத்தேன். நினைத்துக்கொண்டே அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். இடுப்பில் பார்வை நின்றது. அவளும் குனிந்து தன்னைப் பார்த்தாள்.

தேயிலை வாது கீறாமல், ஈரம் ஊறாமல் இருக்கக் கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பைச் சுற்றிச் சாக்கைக் கட்டிக்கொள்வார்கள். படங்கு என்பார்கள். வீட்டிலிருந்த சாக்கையெல்லாம் ஒழித்தவளுக்குத் தன் இடுப்பில் இருப்பது நினைவுக்கு வரவேயில்லை. அவளுக்கு அது உடுப்பு. சத்தியம் வாங்கிய தையல்காரி எனக்கும் அது உடுப்புத்தான். நாய்க்கு மட்டும்தான் அது சாக்கு.

"ஐயோ அக்கா, நானே சாக்கக் கட்டிக்கிட்டு அது மேல போய் விழுந்திருக்கேனே!" என்று அவள் அதை அவிழ்த்து மழைக்குள் வீசிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். படங்கு இல்லாமல் பறிக்கப் போகவும் முடியாது. "ஒங்ககிட்டயே இருக்கட்டும்க்கா, எனக்குக் குடுப்பின இல்ல" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு உறைக்குப் பின்னாலிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்து, அவள் பக்கமாக நீண்டு மோப்பம் பிடித்தது.

அந்த மூக்கைப் பார்த்த பிறகு என் முடிவு நிற்கவில்லை. மெஷினின் நீல உறையை உருவி எடுத்துக் கத்தரியைப் போட்டேன். இத்தனை நாளும் அவள் ஒளிந்திருந்த உறை, அவளுடைய வாசம் ஊறியது. விளிம்பை மடித்து, கயிறு வைத்து, ஒரு படங்கு தைத்தேன். தைத்து முடியும் வரை தாடை என் பாதத்தில் கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் அதைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நாய் அந்த நீலத்துக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு போனது. இந்தத் தடவை நான் கூடப் போகவில்லை.

பொழுது சாய முன்னர் நாயை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தியதும் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் தர வேண்டும் என்பது எங்கள் பேச்சு. போன் ஒரு தரம் அடித்து நிற்கும். அதற்குப் பிறகுதான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். தினமும் அடித்தது.

ஒருநாள் அடிக்கவில்லை. மலை கறுத்துக்கொண்டு வந்தது. நானே போன் போட்டுக் கேட்கவும் எனக்குப் பயம். ஒருவழியாக அடித்த போன் ஒரு தரத்தோடு நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. கணவர்தான் எடுத்து என் காதில் வைத்தார்.

"அக்கா, குரைச்சிட்டாக்கா! ஒருத்தரு உரச் சாக்கத் தூக்கிக்கிட்டு வாசப் பக்கம் வந்தாரு. என் படங்குக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, அந்தாளு ஓடுற வரைக்கும் குரைச்சாக்கா!"

அவள் சிரித்தாள். லயமே சிரிப்பது கேட்டது. சாக்கைப் பார்த்து, என் பிள்ளை, குரைத்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை முழுதாகக் கறுத்திருந்தது.

"பொழுது சாஞ்சிருச்சே தங்கச்சி" என்றேன். "உள்ளுக்கு எடுத்துக் கதவச் சாத்துங்க. அவ குரைக்கிறது காட்டுக்குக் கேக்கப் போகுது."