‘ச’ போன நேரம்

“எங்க வீட்டுச் சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுது. சரி பண்றேன்னு சொன்னவர் சனிக்கிழமை வரேன்னார். எந்தச் சனிக்கிழமைன்னுதான் சொல்லலை.”

மேடையில் நின்றபடி, முந்நூறு காலி நாற்காலிகளைப் பார்த்து மைக்கில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார் மைக்காரர். பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் கடைசி வரிசையிலிருந்து நிமிர்ந்து, வாளி வைத்திருக்கிறீர்களா அண்ணே என்று கேட்டார். வைத்திருக்கிறேன், அதுவும் ஓட்டை என்று கூடம் முழுக்கப் பதில் ஒலித்தது. காலை எட்டு மணி. மாநாட்டுக் கூடத்தில் ஒலிப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மைக்கைச் சோதிப்பவர்கள்மேல் மைக்காரருக்கு மதிப்புக் கிடையாது. “அதுல ஒரு ச உண்டா, ஒரு ப உண்டா? ச சொன்னா சீறக் கூடாது, ப சொன்னா வெடிக்கக் கூடாது. இந்த ரெண்டும் சரியா வந்தா மத்ததெல்லாம் தானா வரும்” என்பார். சகரமும் பகரமும் தாராளமாகக் கிடைக்கும் இடம் அவருடைய குடும்பம்தான். மாமியாரின் முட்டிவலி, மகளின் பரீட்சை, மச்சான் வாங்கி வந்த பழைய சைக்கிள் என எல்லாம் இருபத்தாறு வருடங்களாக இந்தக் கூடத்தின் சுவர்களுக்குத் தெரியும். ஒருமுறை அவர் மனைவி கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தபோது, பெருக்கும் அம்மாள் பரிவோடு நாத்தனார் சண்டையைப் பற்றி விசாரித்துவிட்டார். மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதையும் மூன்றாம் நாள் காலை மைக்கிடம் சொன்னதாக அவரே ஒப்புக்கொண்டார்.

ஐம்பத்து நான்கு வயது. ஒல்லி. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சதுர பேட்டரிகள் நான்கு இருக்கும். பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று அறிய அவரிடம் கருவி எதுவும் இல்லை. நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். சுர்ரென்றால் நல்லது, சும்மா புளித்தால் குப்பைக்கு. தொற்றுநோய் நிபுணர்களின் மாநாட்டில் இப்படி நக்கிப் பார்த்த பேட்டரியைச் சட்டைக் காலர் மைக்கில் போட்டு ஒரு பேராசிரியரிடம் நீட்டினாராம். பேராசிரியர் மைக்கே வேண்டாம் என்று ஒரு மணி நேரம் கத்திப் பேசினார்.

என் பத்திரிகைக்காக அங்கே நடந்த இரண்டு நாள் பக்கவாத மாநாட்டுக்குப் போயிருந்தேன். கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற இடம் தேடியதில், கூடத்தின் கடைசியில் அவர் மேசைக்குப் பக்கத்து நாற்காலி அமைந்தது. பேசுபவர்களைக் கவனிக்கப் போனவன் இவரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

எல்லா மாநாட்டையும் முழுக்கக் கேட்கும் ஒரே ஆள் அவர்தான். வந்தவர்கள் பேச்சுக்கு நடுவே காபிக்குப் போவார்கள், கைப்பேசி பார்ப்பார்கள், கண்ணை மூடி யோசிப்பதுபோல் தூங்குவார்கள். இவர் காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு எழுத்துகூட விடாமல் கேட்பார். விளைவுகள் வீட்டில் தெரியும். சிறுநீரக மாநாடு முடிந்த வாரம் ஆளுக்கொரு பாட்டிலில் பெயர் எழுதித் தண்ணீர் அளந்து ஊற்றினார். பல் மாநாட்டுக்குப் பிறகு வீட்டில் இருந்த பிரஷ்களையெல்லாம் தூக்கி எறிந்தார். மகளுடைய பெயின்ட் பிரஷும் அதில் போய்விட்டது. தூக்க மருத்துவர்களின் மாநாடு மட்டும்தான் பயனில்லை என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு மேடையில் இருந்தவர்கள் உட்பட எல்லோரும் செய்முறை விளக்கத்தில் இறங்கிவிட்டார்களாம்.

பக்கவாத மாநாட்டின் முதல் நாள், பெரிய மருத்துவமனை ஒன்றின் தலைமைச் செவிலியர் பேசினார். தலை நரைத்த, குரல் கணீரென்ற பெண்மணி. பக்கவாதத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம் என்றார். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா பாருங்கள். இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தானாக இறங்குகிறதா பாருங்கள். பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா கேளுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் உடனே கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று தெரிந்தால்தான் எங்களால் அடைப்பைக் கரைக்கும் ஊசியைத் தைரியமாகப் போட முடியும். மைக்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முகத்தில் தீவிரம் தெரிந்தது. அவர் குடும்பத்தை நினைத்து எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

மறுநாள் காலை அவரே நிலவரம் சொன்னார். வீட்டுக்குப் போனதும் மனைவியை வெளிச்சத்தில் நிறுத்திச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். “என்ன விஷயம்னு முதல்ல சொல்லுங்க. சிரிக்கலாமா வேண்டாமான்னு அப்புறம் பாக்கறேன்” என்றாராம் மனைவி. மாமியாரைக் கை தூக்கச் சொன்னதற்கு, எந்தக் கட்சிக்கு என்று கேட்டாராம். அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து, வாசலில் நின்று சிரித்திருக்கிறார். வாய் இடது பக்கம் கோணியது. மைக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, மச்சான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டார். மாமியார் பின்னாலேயே வந்து, அவன் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் சிரிப்பான், கல்யாண போட்டோவைப் பாருங்கள் மாப்பிள்ளை என்று மீட்டுப் போனார்.

இத்தனை செய்தாலும் கூடத்துக்குள் அவருக்கு ஒரே விதி: மைக்காரர் பேசக் கூடாது. பல வருடம் முன்பு, பேச்சாளர் ஒருவர் தவறான பக்கத்தைப் படிக்கிறார் என்று மேடைக்கே போய்ச் சொல்லிவிட்டார். சொன்னது சரிதான். ஆனால் பேசியவர் பெரிய மனிதர். ஆறு மாதம் இந்தக் கூடத்தில் இவருக்கு வேலை இல்லை. அன்றிலிருந்து என்ன நடந்தாலும் மேசையை விட்டு எழுவதில்லை. “நம்ம வேலை அவங்க வாய்லேர்ந்து வர்றதைக் கெடுக்காமக் கொண்டு சேர்க்கறது. வாய்க்குள்ள போறது நம்ம வேலை இல்லை” என்றார்.

இரண்டாம் நாளின் முக்கியப் பேச்சாளர், மாநாட்டுத் தலைவரான பெரிய டாக்டர். நரம்பு மருத்துவத்தில் முப்பத்தைந்து வருட அனுபவம். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். நோயாளிகள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்பது பற்றிப் பேசினார். களைப்பு என்று நினைக்கிறார்கள், வாயு என்று நினைக்கிறார்கள், படுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள் என்று அடுக்கினார். கூடம் சிரித்தது.

கொஞ்ச நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்து, “மைக்” என்றது. இன்னொருவர் திரும்பி, சவுண்டு சரியில்லை என்று சைகை காட்டினார். எனக்கும் டாக்டரின் சொற்கள் ஈரத்துணியில் சுற்றினாற்போல்தான் கேட்டன. டாக்டரும் நிறுத்தி, மைக்கை விரலால் தட்டி, கூடத்தின் கடைசியைப் பார்த்து முறைத்தார். முந்நூறு தலைகள் எங்கள் மேசையை நோக்கித் திரும்பின. அதில் ஒரு தலையாவது பேசுபவரைப் பார்த்ததா என்று தெரியாது.

மைக்காரர் குமிழ்களைத் திருகினார். வயரைப் பிடுங்கி வேறு வயர் செருகினார். ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். முகம் மாறியது.

“ச போயிடுச்சு” என்றார் என்னிடம், ரகசியம்போல.

மைக் பழசு என்றேன்.

அவர் மேசையில் இருந்த பெரிய ஒலியளவுப் பட்டனை மெல்லக் கீழே இழுத்தார். ஒலிபெருக்கிகள் அடங்கின. மைக் இல்லாத வெறுங்குரலில் டாக்டர் பேசுவது கூடத்தின் கடைசி வரை மெலிதாகக் கேட்டது. சிகிச்சை என்ற சொல் ‘ஷிகிஷ்ஷை’ என்று வந்தது. இப்போது மைக்கைக் குறை சொல்ல வழியில்லை.

ஹெட்போனைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு மைக்காரர் எழுந்தார். நடுப்பாதையில் அவர் நடந்து போனதைப் பார்த்தேன். பாதி வழியில் ஒரு கணம் நின்றார். கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. ஆறு மாத வேலையில்லாக் காலம் அப்போது மனதில் வந்துபோனதாகப் பிறகு சொன்னார். யாரோ ஒலி வந்துவிட்டதா என்று கேட்டார். அவர் யாரையும் பார்க்காமல் மேடையேறினார்.

“சார், கொஞ்சம் சிரிங்க.”

டாக்டருக்குக் கோபம் வந்தது. வாழ்நாளில் மேடையில் அவரிடம் யாரும் கேட்காத விஷயம். முதலில் மைக்கைச் சரி பண்ணுய்யா என்பதுபோல ஏதோ சொன்னார். மைக்காரர் அசையவில்லை. மறுபடியும், கெஞ்சலாக, ஒரே ஒரு தடவை சிரிங்க சார் என்றார். ஆளை அனுப்பினால் போதும் என்று டாக்டர் சிரித்தார். வலது பாதி மட்டும் சிரித்தது.

அதை முன்வரிசை பார்த்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமலிருப்பது மரியாதை. இருந்தாலும் சொல்கிறேன். ஊரிலுள்ள நரம்பு நிபுணர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மேடையேறினார்கள். ஒருவர் நாடி பிடித்தார், அதே கையை இன்னொருவர் தூக்கச் சொன்னார். நாலு பேர் நாலு மருத்துவமனையைச் சொன்னார்கள். நடுவில் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்ட பெரிய டாக்டர், தனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் களைப்பு, இன்னும் மூன்றே ஸ்லைடுதான் என்று குழறிக்கொண்டிருந்தார்.

தலைமைச் செவிலியர் முழங்கையால் வழி செய்துகொண்டு வந்தார். “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? யாராவது பாத்தீங்களா?”

பத்து நிமிஷம் இருக்கும் என்றார் ஒருவர். அரை மணி என்றார் இன்னொருவர். காலையிலிருந்தே சோர்வாகத்தான் தெரிந்தார் என்றார், அப்போதுதான் காபி முடித்து உள்ளே வந்த மூன்றாமவர்.

“பதினொன்னு நாப்பத்திரெண்டு” என்றார் மைக்காரர். “‘ரத்தக்குழாய்’ங்கற வார்த்தை வரைக்கும் சுத்தமா இருந்துது. அடுத்தது ‘சிகிச்சை’. அதுல ச உடைஞ்சுது. ரெக்கார்டிங்ல நேரத்தோட இருக்கு.”

செவிலியர் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். மணி அப்போது பதினொன்று ஐம்பது.

வாசலில் கண்காட்சிக்காக நிறுத்தியிருந்த புது ஆம்புலன்ஸ் தயாராக இருந்தது. அதன் படுக்கையில் மாநாட்டு மலர் நானூறு பிரதி அடுக்கியிருந்தது, அதைக்கூட இறக்கிவிட்டார்கள். முன்னால் ஒரு கார் மறித்து நின்றது. மைக்காரர் மேசைக்கு ஓடி வந்து, தன் வேலைக்காலத்தில் முதல்முறையாகக் கூட்டத்தைப் பார்த்து மைக்கில் பேசினார். வாசலை மறித்து நிற்கும் வெள்ளைக் காரை உடனே எடுக்கும்படி கேட்டுக்கொண்டார். பதினாறு டாக்டர்கள் எழுந்து ஓடினார்கள். அவர் காரின் எண்ணைச் சொல்ல மறந்துவிட்டார். பிறகு எண்ணைச் சொன்னபோது அது ஆம்புலன்சில் ஏறி உட்கார்ந்திருந்த பெரிய டாக்டரின் கார் என்று தெரிந்தது. சாவி அவர் பையிலேயே இருந்தது.

பன்னிரண்டரைக்கு ஸ்கேன் எடுத்து, பன்னிரண்டே முக்காலுக்கு ஊசி போட்டார்கள். சாயங்காலம் டாக்டர் கையைச் சரியாகத் தூக்கினார். வாய்க்கோணலும் இரண்டு நாளில் போனது. நாக்கு மட்டும் கொஞ்சம் தடித்தே இருந்தது. பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருவர் தினமும் வந்தார். அருமையாக இருக்கிறது சார் என்று தினமும் பாராட்டினார். வீட்டில் மனைவியும் மகனும் அதையே சொன்னார்கள். பழைய மாணவர்கள் எல்லோரும் போனில் அதையே சொன்னார்கள். பெரிய டாக்டருக்கு ஒருவர் மேலும் நம்பிக்கை வரவில்லை. முப்பத்தைந்து வருடம் நோயாளிகளிடம் அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னவர் அவர்.

ஆறு வாரம் கழித்து நான் மைக்காரரைப் பார்க்கப் போனேன். ஒரு வியாழக்கிழமை பிற்பகல், நிகழ்ச்சி எதுவும் இல்லை. மேடையில் பெரிய டாக்டர் செய்தித்தாளோடு நின்றுகொண்டிருந்தார். வாசித்துக்காட்ட அவர் வருவது இது நான்காவது வியாழன் என்று மைக்காரர் சொன்னார்.

“போன வாரம் எப்படி இருந்தேன்?” என்று மேடையிலிருந்து கேட்டார் டாக்டர்.

“சுமார்தான் சார். ‘பரிசோதனை’யில ச கொஞ்சம் வழுக்குது. ‘அரசு’ நல்லா இருக்கு.”

டாக்டர் முகம் மலர்ந்தது. இவ்வளவு நல்ல சேதியை யாரும் அவரிடம் சொல்லி நாளாகியிருக்க வேண்டும். செய்தித்தாளைப் பிரித்து, தொண்டையைக் கனைத்தார்.

மைக்காரர் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். எழுந்து போய்க் குளிர்சாதனத்தை நிறுத்தினார். மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். தெருப்பக்க ஜன்னல்களைச் சாத்தினார். மூலையில் ஒரு குழல்விளக்கு ரீங்கரித்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, அதையும் திருகிக் கழற்றி, சுவரில் சாய்த்து வைத்தார். நெற்றியில் வியர்வை வழிய மேசைக்கு வந்து உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு, ஆரம்பிக்கச் சொல்லி ஒரு விரலை உயர்த்தினார்.