பிளாஸ்கில் வந்த புழுக்கள்

கோப்பிக்கொட்டை வறுபடும் மணத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. போகிற ஆளைப் போக விடாது.

சென்ற வியாழக்கிழமை விசுவமடுச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் யாரோ மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்த்துக் கோப்பி வறுத்தார்கள். காற்று ஒருமுறை திரும்பியது… அவ்வளவுதான்! வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். மனம் போன மாரிகாலத்துக்குப் போய், மாரியாயியின் கிணற்றடியில் குந்திக்கொண்டது.

மாரியாயியும் புருஷன் ராமையாவும் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு இங்கே வந்தவர்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற நேரத்தில் நீங்களும் நானும் எதை எடுப்போம்? மாரியாயி சேலைத் தலைப்பில் முடிந்து வந்தது ஒரு பிடி கோப்பி விதை!

விசுவமடு வெயிலில் கோப்பியா என்று ஊரே சிரித்தது. மாரியாயி கிணற்றடியில், வாழை நிழலில் நட்டார். குளிக்கிற தண்ணீரையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். செடிகள் பிழைத்தன. ஒருநாள் கொப்பெல்லாம் வெள்ளையாய்ப் பூத்தன. சிரித்தவர்கள் கோப்பி குடிக்க வந்தார்கள்.

போன மாரியில் வந்தது வினை. இலைகள் மஞ்சளித்தன. ஒரு செடியை அசைத்தால் வேரே இல்லாமல் கையோடு வந்தது. கிண்டிப் பார்த்தால் — கொழுத்த வெள்ளைப் புழுக்கள், இறால் மாதிரிச் சுருண்டு, வேரை ருசி பார்த்துக்கொண்டிருந்தன.

ராமையாவுக்கு இது நல்ல சாட்டு.

“புடுங்கிப் போட்டுட்டு மொளகா வெப்போம் புள்ள. மொளகா சோறு போடும். ஒன் கோப்பி தண்ணியத்தான் குடிக்கும்.”

“நீயுந்தான் குடிக்கிற. ஒன்னையப் புடுங்கியா போட்டேன்?”

கடைசியில் ஒரு தவணை தீர்மானமானது. இரண்டு கிழமை, பதினாலு நாள். அதற்குள் புழு ஒழியாவிட்டால் செடிகளுக்கு மண்வெட்டி.

மருந்து அடிக்கலாமே என்பீர்கள். செடிகள் நிற்பதோ கிணற்றின் வாயில். குடிக்கிற தண்ணீரில் நஞ்சு கலக்க யாருக்கு மனம் வரும்?

அங்கேதான் என் சிநேகிதன் சிவநேசன் வருகிறான். விவசாயப் போதனாசிரியர். எப்போதும் அவசரம், எப்போதும் சைக்கிள். மலைநாட்டு ஆராய்ச்சிக் கூடமொன்றில் அவனோடு படித்தவர் ஒருவர் இருந்தார். அவரைப் பார்க்கப் போனவன் ஒரு பிளாஸ்குடன் திரும்பினான். விசுவமடுவுக்கு நானும் கூடப் போனேன்.

“தொண்டை காயுது. ஒரு வாய் தேத்தண்ணி வாரும் ஐசே” என்று வழியில் பிளாஸ்கை எடுத்தேன்.

சிவநேசன் அதைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். “ஐயோ! இதுக்குள்ள புழு இருக்கு!”

உள்ளே ஒரு ஈரப் பஞ்சு. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்கள், கோடிக்கணக்கில். சூடு ஆகாது, வெயில் ஆகாது, ஈரம் வேண்டும். மண்ணுக்குள் வெள்ளைப் புழுவைத் தேடிப் பிடித்து, அதன் உடம்புக்குள் புகுந்து, உள்ளிருந்தே கதையை முடித்துவிடுமாம். செடிக்கு ஒன்றும் செய்யாது. மனிசருக்கும் ஒன்றும் செய்யாது.

மாரியாயி வாயில் கை வைத்தார்.

“புழுவ ஒழிக்கச் சொன்னா, புழுவயே கொண்டாந்திருக்கீங்களே ஐயா? தேயிலத் தோட்டத்துல எங்க வயித்துல இருந்த புழுவுக்கு எம்புட்டு கசப்பு மருந்து குடிச்சிருக்கோம்! புள்ளைங்க வெறுங்காலோட திரியிற மண்ணுங்க இது.”

“இது அந்தப் புழு இல்லை அக்கா. ஆக்களில ஏறாது. பயப்பிடாதேங்கோ.”

பொழுது சாய்ந்த பிறகு, பஞ்சை வாளித் தண்ணீரில் பிழிந்து, ஒவ்வொரு செடியின் அடியிலும் ஊற்றினோம். மாரியாயி தலையாட்டினார். சம்மதம் என்று நினைத்தோம். ஆனால் தலையாட்டுவதெல்லாம் நம்பியதாகுமா?

மறுநாள் காலை போய்ப் பார்த்தால், ஒவ்வொரு செடியையும் சுற்றி, பால்போல வெள்ளை வட்டம்!

சுண்ணாம்பு. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில், சாக்கடைக் கான் ஓரமெல்லாம் புழு பூச்சி அண்டாமல் சுண்ணாம்பு தூவுவார்களாம். மாரியாயி அதையேதான் செய்திருந்தார். நல்ல புழுதான், ஒத்துக்கொண்டார். ஆனாலும் புழு புழுதானே? செடியோடு நிற்கட்டும், வீட்டுக்குள் வராமல் ஒரு வேலி!

சிவநேசன் தலையில் கை வைத்தான். “அக்கா! மழை பெய்தா இது கரைஞ்சு உள்ள இறங்கும். என்ர புழுவெல்லாம் வெந்துபோம்!”

வானமோ கறுத்துக்கொண்டிருந்தது. சிரட்டையும் கையுமாக நாலு பேரும் குந்தியிருந்து சுண்ணாம்பைச் சுரண்டினோம். ராமையாவும்தான். புறுபுறுத்துக்கொண்டே சுரண்டினார்.

“ஆளுங்கள வெரட்டுன சீமையில இருந்து வந்து, புழுவுக்குக் காவ காக்குறோம்.”

வாளியில் கடைசிச் சுண்ணாம்பை அள்ளிப் போட்டோம், மழை கொட்டியது.

நாம் கண்ணுக்குத் தெரியாத நஞ்சைக் கடையில் வாங்கி, கை நடுங்காமல் தெளிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத நல்லதுக்கு மட்டும் சுற்றிவரச் சுண்ணாம்பு போடுகிறோம். மாரியாயியை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? அந்தக் குடும்பம் வந்திறங்கிய புதிதில், எத்தனை படலைகள் அவர்களுக்கு முன்னால் சாத்தப்பட்டன…

தவணை முடிந்த அன்று ராமையா மண்வெட்டியோடு நின்றார். செடி புடுங்கவோ, புழுத் தேடவோ — முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மெல்லக் கிண்டினார். முதல் கொத்தில் ஒரு புழு. செங்கல் நிறம். துவண்டு போய், தொட்டாலும் அசையவில்லை. இன்னொன்று. அதுவும் செங்கல். உயிரோடு ஒரு வெள்ளையும் அகப்பட்டது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மிச்சமெல்லாம் சிவப்பு. நுண்புழு புகுந்து செத்த புழு சிவந்துபோகும் என்று சிவநேசன் சொல்லியிருந்தான்.

மாரியாயி மிஞ்சி நின்ற செடிகளுக்கு மண் அணைத்தார். பிறகு குசினிக்குள் போய் எங்களுக்குக் கோப்பி போட்டார். பனங்கட்டியோடு, தாராளமாக.

விடைபெற்றுச் சைக்கிளை உருட்டினோம். படலைவரை கூட வந்த ராமையா, ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, சிவநேசனின் காதருகே குனிந்தார்:

“ஐயா, மொளகாச் செடிக்கும் இந்த மாதிரி நல்ல புழு இருக்குங்களா? …அவகிட்ட மட்டும் நான் கேட்டேன்னு சொல்லிராதீங்க.”